ஃபிலிம் கெடவில்லை, அந்த வசதியை அணைத்துவிடுங்கள்

கேள்வி: அப்பா 1970களில் எடுத்த சுமார் 500 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களும், பெரியப்பா சிங்கப்பூரில் எடுத்த இரண்டு பெட்டி கலர் ஸ்லைடுகளும் வீட்டில் இருக்கின்றன. ஃபிலிம் ஸ்கேனர் ஒன்று வாங்கினேன். கறுப்பு வெள்ளைப் படங்களில் முகங்கள் மெழுகு உருகியதுபோல் வருகின்றன. ஸ்டுடியோக்காரர், “ஃபிலிம் கெட்டுவிட்டது. கெமிக்கலில் கழுவ வேண்டும், படத்துக்கு 150 ரூபாய். மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போங்கள்” என்கிறார். கொடுக்கலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியால் முகத்தைப் பாருங்கள். கண்ணும் புருவமும் தெளிவாகத் தெரிந்தால் ஃபிலிம் நன்றாக இருக்கிறது. கோளாறு, ஸ்கேனரின் தூசி நீக்கும் வசதியில். மென்பொருளில் அது ‘டிஜிட்டல் ஐஸ்’ என்றோ ‘இன்ஃப்ராரெட் கிளீனிங்’ என்றோ இருக்கும்.

அந்த வசதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ஃபிலிம் வழியே செலுத்துகிறது. கலர் ஃபிலிமில் இருப்பது சாயம். ஒளி தாராளமாகக் கடந்துவிடும், தூசி மட்டும் மறிக்கும். மறித்த இடத்தை மென்பொருள் அக்கம்பக்கத்து நிறத்தால் நிரப்பிவிடும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இருப்பதோ வெள்ளித் துகள். அதுவும் ஒளியை மறிக்கும். அதனால் உங்கள் அப்பா எடுத்த முகத்தையே ஸ்கேனர் தூசி என்று நினைத்துத் துடைக்கிறது. கறுப்பு வெள்ளைக்கு அந்த வசதியை அணைத்துவிடுங்கள். ஊட்டியில் தயாரான ‘இந்து’ ஃபிலிமானாலும் வெளிநாட்டு ஃபிலிமானாலும் இதே கதைதான். இதை ஸ்கேனர் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டால் என்ன? கையேட்டின் மூலையில் ஒரு வரி போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். டிபிஐ கணக்கை, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பதை மட்டும் 7200 என்று கொட்டை எழுத்தில் போடத் தெரிகிறது. அதில் பாதி கிடைத்தாலே பெரிது. உங்களுக்கு 2400 போதும். 12 அங்குல அகலத்துக்குத் தெளிவாக அச்சிடலாம்.

ஸ்லைடுகளில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கலர் ஃபிலிமுக்குத் தூசி நீக்கம் நல்லதுதான். கோடாக் நிறுவனத்தின் ‘கோடாக்குரோம்’ ஸ்லைடு ஃபிலிம் மட்டும் அதற்கு முழுக்க அடங்காது. அதன் இருண்ட பகுதிகள் அகச்சிவப்பை ஓரளவு தடுக்கும். ஒரு ஸ்லைடு ஒழுங்காக வரும், அடுத்ததில் கம்பி வேலியும் பெயர்ப்பலகை எழுத்தும் சிதையும். அட்டைச் சட்டத்தில் பெயர் இருக்கிறதா பாருங்கள். சட்டம் மாற்றப்பட்டிருந்தால், ஸ்லைடைச் சாய்த்து மங்கலான பக்கத்தைப் பாருங்கள். உருவம் லேசாகச் செதுக்கியதுபோல் மேடுபள்ளமாகத் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான். அத்தகைய ஸ்லைடை வசதியோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை ஸ்கேன் செய்து, முழு அளவில் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். நீலம் பூத்து வந்தால் பயப்படாதீர்கள். மென்பொருளில் கோடாக்குரோமுக்குத் தனி அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

இனி அந்தக் ‘கெமிக்கல் வாஷ்’. படத்தைத் தாங்கும் மேல்பூச்சு ஜெலட்டின். பூஞ்சை அரித்திருந்தால் அது தண்ணீர் பட்டாலே கரையும், படமும் அதோடு போகும். தூசிக்கு ரப்பர் ஊதி போதும். ஈரத்துணி, சானிடைசர், சேலைத் தலைப்பு எதுவும் ஃபிலிமைத் தொடக் கூடாது. மொத்தமாகக் கொடுப்பது அதைவிடக் கொடுமை. என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் நெகட்டிவ்கள் ஆறாறு படத் துண்டுகளாகப் போய், ஒவ்வொரு படமாக வெட்டப்பட்டுத் திரும்பியிருந்தன. துண்டை ஸ்கேனர் சட்டத்தில் நுழைக்கச் சோம்பல்! கல்யாணப் படங்களில் பாதியைக் காணவில்லை. கேட்டதற்கு, “பென் டிரைவில் இருக்கிறதே” என்றார்களாம். அதில் இருந்தவை கைப்பேசித் திரைக்கு மட்டுமே உதவும் சின்ன ஜேபெக் கோப்புகள். வெளியில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் ஒரே ஒரு துண்டைக் கொடுத்து, விவரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பாகக் கேட்டு, நெகட்டிவ் கைக்கு வந்த பிறகு அடுத்ததைக் கொடுங்கள்.

இன்றே பெட்டியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். காடி (வினிகர்) வாடை அடிக்கும் துண்டுகள் சிதையத் தொடங்கிவிட்டன. அவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து, அவற்றையே முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.