லாகுல் ஸ்பிதியில் ஏன் ஆளே இல்லை?

"காரைக்குடியிலிருந்து ஸ்பிதி போகலாம்னு இருக்கேன், அவ்வளவு பெரிய மாவட்டத்தில் ஏன் ஆளே இல்லை?" என்று கேட்டிருந்தீர்கள்.

முதல் காரணம் மழை. தெற்கிலிருந்து வரும் பருவமழை மேகத்தைப் பீர் பஞ்சால் மாதிரியான உயர்ந்த தொடர்கள் மறித்துவிடுவதால் ஸ்பிதி ஒரு குளிர்ப் பாலைவனம். இமாசலத்திலேயே பெரிய மாவட்டமான லாகுல் ஸ்பிதியின் பரப்பு 13,841 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கெடுப்பில் மக்கள் 31,564 பேர்தான், அதாவது சதுர கிலோமீட்டருக்கு 2 பேர். நம்ம சிவகங்கை மாவட்டத்தில் 300-க்கு மேல்!

அப்புறம் தண்ணீர். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். மலை உச்சியில் உருகும் பனியை 'குல்' என்ற வாய்க்கால் வழியாக, சரிவை ஒட்டியே வெகுதூரம் கொண்டுவந்து ஊருக்கு மேலே தொட்டியில் தேக்கி, முறை வைத்து வயலுக்கு விடுகிறார்கள். மழைநீரை வரத்துக்கால் வழியே ஊருணியில் சேர்த்த நம் செட்டிநாட்டு ஏற்பாட்டுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்றே சொல்வேன். அந்த வாய்க்கால் எட்டுகிற இடத்தில்தான் ஊர், எட்டாத இடம் வெறும் பாறை. விளைவது பார்லியும் பச்சைப் பட்டாணியும், அதுவும் கோடையில் மட்டும்.

சாலை? லாகுலையும் ஸ்பிதியையும் இணைக்கும் 4,551 மீட்டர் உயரத்துக் குன்சும் கணவாய் குளிர்காலம் முழுக்கப் பனியில் மூடிக்கிடக்கும். மணாலி பக்கமிருந்து லாகுலுக்குப் போக 2020-இல் திறந்த அடல் சுரங்கம் லாகுலுக்குத்தான் பெரிய உதவி. ஸ்பிதிக்குக் குளிர்காலத்தில் பக்கத்து மாவட்டமான கின்னௌர் வழிதான், அதனால் முதல் தடவை என்றால் ஜூலைக்கு மேல் போங்கள்.