கீழ்ப் பல்செட் ஆடுகிறதா?

கேள்வி: எனக்கு 67 வயது. எட்டு வருடமாக மேலும் கீழும் பல்செட். மேல் செட்டில் தொந்தரவில்லை. கீழ் செட் பேசினாலே எழும்புகிறது. எல்லோரும் எழுந்த பிறகு தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். தாடை எலும்பில் இரண்டு இம்ப்ளான்ட் (டைட்டானியம் திருகு) வைத்து அதில் செட்டை மாட்டலாம் என்கிறார் டாக்டர். இந்த வயதில் தேவையா? எத்தனை வருடம் தாங்கும்?

பதில்: தேவைதான், அம்மா. தனியாகச் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஒன்றே போதும்.

மேல் செட் அண்ணம் முழுவதையும் கவ்விக்கொள்ளும். கீழே உட்கார இடமே குறைவு. நாக்கு வேறு ஓயாமல் தள்ளும். பல் போன பிறகு கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகத் தேய்கிறது. இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் சொல்ல வேண்டிய சிகிச்சை இரண்டு இம்ப்ளான்ட்டில் மாட்டும் செட்தான் என்று 2002-இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்களே சொல்லிவிட்டார்கள். வயது தடையில்லை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா, எலும்பு பலத்துக்கு மருந்து எடுக்கிறீர்களா என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எத்தனை வருடம் என்றீர்கள். இதே மாதிரி செட் மாட்டிக்கொண்டு என்னிடம் 12 வருடமாக வரும் ஒரு பெரியவர் போன வருடம், “டாக்டர், பழையபடி மெல்ல முடியலை, திருகு ஆடுது போல” என்றார். பார்த்தேன். டைட்டானியம் இரண்டும் எலும்போடு பிணைந்து கல்லாக நின்றன. செட்டின் அடியில் இருந்து இம்ப்ளான்ட்டின் குமிழைக் கவ்வும் நைலான் மூடிகள்தான் தேய்ந்து, மாட்டும்போது கேட்க வேண்டிய ‘டக்’ சத்தமே இல்லை. பின்பக்க ஈறும் தாழ்ந்திருந்தது. கடைவாயில் விரலால் அழுத்தினால் செட் முன்னால் தூக்கியது. மூடி மாற்றி, அடிப்பகுதிக்குப் புது அக்ரிலிக் கொடுத்தோம். அடுத்த முறை வந்தபோது முகமே தெளிந்திருந்தது.

ஆகவே இம்ப்ளான்ட்டைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். அதில் மாட்டும் செட்டுக்குத்தான் பராமரிப்பு வேண்டும். வருடம் ஒருமுறை போய்க் காட்டுங்கள். இரவில் கழற்றி வையுங்கள். ஈறுக்கு மேல் தெரியும் அந்தக் குமிழ்களைச் சுற்றி மென்மையான பிரஷ்ஷால் தினமும் தேயுங்கள். அங்கே ரத்தம் கசிந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம்.

சொந்தப் பல்லின் பலம் முழுதும் திரும்பாது. இப்போதைய செட்டைவிடக் கடிக்கும் பலம் நன்றாகவே கூடும். ஆனால் பலரைப் பார்க்கிறேன், மெல்ல முடிந்த பிறகும் பழக்கத்தில் குழைந்ததையே சாப்பிடுகிறார்கள். நீங்கள் அப்படி இருந்துவிடாதீர்கள். ஒதுக்கிய கேரட்டையும் ஆப்பிளையும் சின்னத் துண்டாக நறுக்கி, இரண்டு பக்கமும் மாற்றி மென்று பாருங்கள். எல்லோரும் சாப்பிடும் நேரத்திலேயே.