சூயஸ் எங்கே இருக்கிறது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஒரு கலைக் கல்லூரியில் வணிகவியல் கற்பிக்கிறேன். போன வாரம் மூன்றாமாண்டு வகுப்பில் கப்பல் சரக்குக் கட்டணம் பற்றிய பாடம். செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது கட்டணம் ஏன் ஏறியது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். சொன்னது எதுவும் போய்ச் சேரவில்லை என்று முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது. உலக வரைபடத்தைத் திரையில் போட்டு, சூயஸ் கால்வாயைக் காட்டுங்கள் என்றேன். மொத்தம் ஐம்பத்திரண்டு பேர். ஒருவர் தென் அமெரிக்காவுக்குச் சற்று மேலே கை வைத்தார். இன்னொருவர் ஆஸ்திரேலியாவுக்குப் பக்கத்தில் தேடினார். அந்தக் கால்வாய் ஓடும் எகிப்து ஆப்பிரிக்காவில் இருக்கிறது என்பதே பலருக்குப் புதுச் செய்தி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்போது முதல் வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "தேவைப்படும்போது கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாமே மேடம், எதற்காக எல்லாவற்றையும் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. நன்றாகப் படிக்கிற பெண். எனக்குப் பதில் வரவில்லை. மூன்று நாட்களாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தலைமுறைக்குப் பொது அறிவு குறைந்துவிட்டது என்று நான் நினைப்பது சரியா? அல்லது வயதாக ஆக எல்லோரும் சொல்கிற குறைதானா? அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

(பெயர் வேண்டாம்.)

அன்புள்ள பேராசிரியருக்கு,

உங்கள் மாணவியின் கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் அந்தப் பிள்ளைகளின் அறியாமையைப் பற்றி நாம் இருவரும் வருந்திக்கொண்டிருப்பது முறையாகாது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2004 டிசம்பர் 26. அந்த நாளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று காலை தாய்லாந்தின் ஃபுகெட் தீவில், மாய் காவ் என்ற கடற்கரையில், டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி பெற்றோருடன் இருந்தாள். அலை வழக்கம்போல் வந்து திரும்பவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. மேலே நுரை பொங்கிக் குமிழியிட்டது. கரையில் நின்ற பெரியவர்களும் அதே கடலைத்தான் பார்த்தார்கள். அவளுக்கு மட்டும் நெஞ்சு பதறியது. இரண்டு வாரங்களுக்கு முன்புதான் புவியியல் வகுப்பில் சுனாமி பற்றிப் பாடம் நடந்திருந்தது. 1946இல் ஹவாயைத் தாக்கிய சுனாமியின் படத்தை ஆசிரியர் போட்டுக் காட்டியிருந்தார். சுனாமி வருகிறது என்று அவள் கத்தினாள். பெற்றோர் முதலில் நம்பவில்லை, அவள் விடவில்லை. கடைசியில் தந்தை காவலாளியிடம் சொல்ல, கரை காலியானது. ஏறத்தாழ நூறு பேர் தப்பினார்கள்.

அந்தக் கரையில் நின்ற ஒருவர் கையில் உலகத்து நூலகங்கள் எல்லாவற்றையும் கொடுத்திருந்தாலும் என்ன தேடியிருப்பார்? தேட வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. கடல் சற்று விநோதமாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். ஒன்றைத் தேடுவதற்கு முன்னால் அது தேட வேண்டிய ஒன்று என்று மனத்தில் உறைக்க வேண்டும். அந்த உறைப்பு கைப்பேசிக்குள் இல்லை. முன்பே தெரிந்த ஒன்று உள்ளே கிடந்தால்தான் புதிதாகக் கண்ணில் படுவது அதில் போய் முட்டும், கேள்வியாகும்.

உங்கள் வகுப்பையே பாருங்கள். ஐம்பத்திரண்டு பேரிடமும் கைப்பேசி இருந்திருக்கும். நீங்கள் செங்கடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பாடம் புரியாமல் உட்கார்ந்திருந்த எவராவது எடுத்துப் பார்த்தார்களா? பார்த்திருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள். தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள் அந்தப் பெண். தேவைப்பட்ட நேரம் அதுதான். தேவை வந்து வாசலில் நின்றதையே அவர்கள் அறியவில்லை. இதை அவளிடம் கோபமில்லாமல் சொல்லுங்கள். புத்திசாலிப் பெண் என்கிறீர்கள், புரிந்துகொள்வாள்.

சூயஸையே எடுத்துக்கொள்வோம். மத்தியதரைக் கடலையும் செங்கடலையும் இணைத்து 1869இல் திறந்த கால்வாய், இன்றைக்கு 193 கிலோமீட்டர் நீளம். அது எங்கே இருக்கிறது என்று மனத்தில் படம் இருப்பவருக்கு அது செங்கடலின் வடக்கு வாசல். அதே கடலுக்குத் தெற்கே இன்னொரு வாசல் உண்டு, ஏமனுக்கும் ஜிபூட்டிக்கும் நடுவே, பாப்-எல்-மண்டெப் நீரிணை. இந்த இரண்டில் எதை அடைத்தாலும் ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகிற கப்பல் ஆப்பிரிக்காவை முழுதாகச் சுற்ற வேண்டும். 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் குறுக்கே சிக்கியபோது வடக்கு வாசல் ஆறு நாட்கள் அடைபட்டது. 2023இன் இறுதியிலிருந்து ஏமனின் ஹூதி கிளர்ச்சிப் படையினரின் தாக்குதலால் தெற்கு வாசல் ஆபத்தாயிற்று. கப்பல் நிறுவனங்கள் பல ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஒன்று விபத்து, மற்றது போர். வரைபடம் தெரிந்தவருக்கு இரண்டும் ஒரே கடலின் கதை. தெரியாதவருக்கோ தொடர்பில்லாத இரண்டு செய்திகள், இரண்டும் அடுத்த நாளே மறந்து போகும்.

இன்னும் பின்னே போனால் 1967 வரும். அந்த ஆண்டு நடந்த அரபு-இஸ்ரேல் போரில் கால்வாய் மூடப்பட்டது. உள்ளே இருந்த 14 கப்பல்கள் கால்வாய் வழியில் உள்ள கிரேட் பிட்டர் ஏரியிலேயே மாட்டிக்கொண்டன. 1975இல்தான் வழி திறந்தது. எட்டு ஆண்டுகள்! பாலைவன மணல் படிந்து படிந்து அவற்றுக்கு மஞ்சள் கப்பற்படை என்றே பெயர் வந்துவிட்டது. ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போக வேண்டும் என்றானபோது, எண்ணெய்க் கப்பல்களை இன்னும் பெரிதாகக் கட்டினால்தான் கட்டுப்படியாகும் என்ற கணக்கும் வலுத்தது. உங்கள் வணிகவியல் பாடம் இதுதானே? ஓர் ஏரியும் ஒரு முனையும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் சரக்குக் கட்டணம் தானாகவே புரியும்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இந்தத் தலைமுறைக்கு மட்டும்தான் இந்தக் குறையா? இல்லை. 2006இல் நேஷனல் ஜியாகிரஃபிக் அமைப்புக்காக அமெரிக்காவில் 18 முதல் 24 வயது வரை உள்ளவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்கள் நாட்டுப் படை ஈராக்கில் போரிட்டுக்கொண்டிருந்த நேரம். மத்தியக் கிழக்கு வரைபடத்தில் ஈராக்கைக் காட்ட 63 சதவீதம் பேரால் முடியவில்லை. ஐபோன் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. ஆகவே பழி முழுவதையும் கைப்பேசியின் தலையில் கட்ட முடியாது. வயதும் காரணமில்லை. சுவீடன் மருத்துவர் ஹான்ஸ் ராஸ்லிங் தொடங்கிய கேப்மைண்டர் அமைப்பு 2017இல் 14 நாடுகளில் 12,000 பேர் அளவில், உலகின் வறுமை, கல்வி, மக்கள்தொகை பற்றி 12 கேள்விகள் கேட்டுப் பார்த்தது. சராசரியாகச் சரியானவை இரண்டு. மூன்று விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தாலே நான்கு சரியாகியிருக்கும். பதில் சொன்னவர்கள் பெரியவர்கள்.

அப்படியானால் கைப்பேசி ஒன்றும் செய்யவில்லையா? செய்திருக்கிறது. கைப்பேசி வரைபடத்தில் நீலப்புள்ளியாக நாம் எப்போதும் நடுவில் இருக்கிறோம். நாம் நகர்ந்தால் உலகம் நகர்ந்து வழிவிடுகிறது. காகித வரைபடத்தில் நாம் எங்கே இருக்கிறோம் என்று நாமே தேட வேண்டும். தேடும்போது வழியில் பத்து ஊர்களும் ஓர் ஆறும் கண்ணில் படும். அந்தத் தேடல் போனதுதான் பெரிய இழப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. நம் அகப்பொருள் இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தது. மனிதர்களின் காதலும் பிரிவும் உரிப்பொருள். அவற்றுக்கு முன்னால் நிலம் வேண்டும், பொழுது வேண்டும். இந்த வரிசையை வகுத்தவர்கள் எவ்வளவு தெளிவானவர்கள் என்று பல முறை வியந்திருக்கிறேன்.

இன்னொரு குற்றவாளியும் உண்டு. பொது அறிவு என்ற பெயரில் நாமே செய்துவைத்த வினாவிடை. ஆஸ்திரேலியாவின் தலைநகர் எது? கான்பெரா. ஒரு மதிப்பெண். ஏன் சிட்னி இல்லை என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. 1901இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி உருவானபோது சிட்னியும் மெல்போர்னும் தலைநகர் எனக்கே என்று மல்லுக்கு நின்றன. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்குள், ஆனால் சிட்னியிலிருந்து 100 மைலுக்குக் குறையாத தொலைவில் தலைநகரை வைப்பது என்று சமரசம் ஆயிற்று. 1908இல் இடம் தேர்வானது. 1927 வரை நாடாளுமன்றம் மெல்போர்னில்தான் கூடியது. இந்தச் சண்டையைக் கேட்ட பிள்ளை கான்பெராவை மறக்குமா? நாம் சண்டையை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் ஊட்டினோம். துப்பிவிட்டார்கள்.

என் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். என் அண்ணன் மகள் பொறியியல் முடித்து, மேற்படிப்புக்காகத் துபாய் வழியாக சான் பிரான்சிஸ்கோ போனாள். பாதி வழியில் இருக்கை முன்னிருந்த திரையைப் படமெடுத்து வைத்திருந்தாள். இறங்கியதும் எனக்கு அனுப்பினாள். விமானம் பனிக்கடலுக்கு மேலே, வடதுருவத்தை ஒட்டிப் பறந்துகொண்டிருந்தது. "சித்தப்பா, மேற்கே போக வேண்டிய விமானம் ஏன் வடக்கே போகிறது? பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை" என்று எழுதியிருந்தாள்.

விடுமுறையில் வந்தபோது அலமாரி மேலிருந்த பூகோள உருண்டையை இறக்கினேன். தையல் பெட்டியிலிருந்து ஒரு நூல். துபாய் மேல் அவள் கட்டைவிரலை வைத்து நூலின் ஒரு முனையை அழுத்தச் சொன்னேன். மறுமுனையை நான் சான் பிரான்சிஸ்கோவில் பிடித்துக்கொண்டு இறுக்கினேன். நூல் அட்லாண்டிக்கின் மேல் நிற்கவில்லை. வழுக்கி வழுக்கி மேலே ஏறி, ரஷ்யாவைக் கடந்து, உருண்டையின் உச்சியில் இருந்த பித்தளைத் திருகை உரசிக்கொண்டு நின்றது. அவள் விரலை எடுக்காமல் குனிந்து அந்தத் திருகையே பார்த்தாள். பிறகு, "அப்படியானால் தட்டையான படத்தில் நான் பார்த்ததெல்லாம்?" என்றாள்.

அன்று இரண்டு மணி நேரம் பேசினோம். 1569இல் மெர்காட்டர் மாலுமிகளுக்காக வரைந்த படம் அது. திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துப் போகும் பாதை அதில் நேர்கோடாக வரும். அந்த வசதிக்கு விலையாகத் துருவத்தை நெருங்க நெருங்க நிலம் வீங்கும். அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. இதைச் சொன்னதும் அவள் உருண்டையைச் சுழற்றி ஆப்பிரிக்காவின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், பிறகு கிரீன்லாந்தின் மேல். அந்த உருண்டை அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டில் இருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் அதை நான் அவள் கையில் கொடுக்கவில்லை. அவளுக்குத் தெரியவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்?

இதை எழுதும்போது சிமெலுவே தீவு நினைவுக்கு வருகிறது. சுமத்ராவுக்கு மேற்கே, 2004 நிலநடுக்கம் பிறந்த இடத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே 1907இல் ஒரு சுனாமி வந்து பெரும் உயிர்ச்சேதம். பிழைத்தவர்கள் அதற்கு ஸ்மோங் என்று பெயரிட்டு, கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், குன்றுக்கு ஓடு. 97 ஆண்டுகள் சொன்னார்கள். 2004இல் நிலம் ஆடியதும் ஊரே ஸ்மோங் என்று கத்திக்கொண்டு மேடேறியது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். அந்தப் பாட்டிகள் யாரும் பிள்ளைகளைப் பார்த்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் வகுப்பில் நிற்கிறவர். என்னைவிட உங்களுக்கு வாய்ப்பு அதிகம். அடுத்த வகுப்புக்கு ஓர் உருண்டையும் நூற்கண்டும் கொண்டுபோங்கள். சூயஸ் எங்கே என்று கேட்க வேண்டாம். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் துறைமுகத்திலிருந்து சிங்கப்பூர் வரை கடல்வழியே ஒரு நூலைப் படியவைக்கச் சொல்லுங்கள்: ஜிப்ரால்டர், மத்தியதரைக் கடல், சூயஸ், செங்கடல், பாப்-எல்-மண்டெப். இன்னொரு நூலை நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் படியவைக்கட்டும். இரண்டையும் எடுத்து மேசையில் நீட்டி ஸ்கேலால் அளக்கட்டும். உண்மைக் கடலில் அந்த வித்தியாசம் சுமார் 6,000 கிலோமீட்டர். எரிபொருள், மாலுமிகளின் சம்பளம், காப்பீடு எல்லாம் அந்தக் கூடுதல் நூலில்தான் இருக்கின்றன என்று சொன்னால், நீங்கள் பாதியில் நிறுத்திய பாடத்தை அங்கிருந்தே தொடரலாம்.

நூலின் முனையைப் பிடிக்க அந்த முதல் வரிசைப் பெண்ணையே கூப்பிடுங்கள். அவள் என்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.