வியாசர்பாடின்னே சொல்லு தம்பி

கேள்வி: அக்கா, நான் வட சென்னை வியாசர்பாடி. பி.காம் முடிச்சி ஒரு வருசம் ஆகுது, இதுவரைக்கும் மூணு இண்டர்வியூ போய்ட்டேன், மூணும் ஊத்திக்கிச்சு. 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்'னு கேட்டாலே நாக்கு ஒட்டிக்குது. ஏரியா கேட்டா பெரம்பூர்னு சொல்லிடறேன், வியாசர்பாடின்னா அவங்க மூஞ்சி மாறிடும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றானுங்க. ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் சாரு, நாம பேசுற வார்த்தை வெறும் 7 சதவீதம்தான், மீதி 93 பாடி லாங்குவேஜும் குரலும், அதனால கண்ணைப் பாத்து சிரிச்சிகிட்டே இருன்னாரு. சிரிச்சிகிட்டேதான் இருந்தேன், ஒண்ணும் நடக்கல. அனுபவம்னு சொல்லிக்க எதுவும் இல்ல, பிளஸ் ஒன் படிக்கும்போதுல இருந்து காசிமேட்டுல பெரியப்பாவுக்கு மீன் ஏலக் கணக்கு எழுதிக் குடுக்கறேன், அவ்ளோதான். நல்ல இம்ப்ரெஷன் எப்டிக்கா வாங்குறது?

பதில்: அந்த 'அவ்ளோதான்' போட்டே பாரு, அதுக்கே உன் தலையில நங்குன்னு ஒரு கொட்டு வைக்கணும். மொதல்ல அந்த 93 கணக்க முடிச்சிடறேன். ஆல்பர்ட் மெஹ்ரேபியன்னு அமெரிக்காவுல ஒரு சைக்காலஜி ப்ரொஃபசர், 1967ல பண்ண ரெண்டு சின்ன ஆராய்ச்சில இருந்து வந்த நம்பர் அது. அதுல ஒண்ணுல ஒரே ஒரு வார்த்தைய வேற வேற தொனில பேசி கேக்க வெச்சி, மூஞ்சி போட்டோவும் காட்டி, இந்தாளுக்கு நம்மள புடிக்குதா புடிக்கலையான்னு எதை வெச்சி கண்டுபுடிக்கறாங்கன்னு பாத்தாரு. ஒருத்தர் தன்னோட உணர்ச்சிய, புடிச்சது புடிக்காதத சொல்றப்போ மட்டும்தான் இது பொருந்தும், எல்லா பேச்சுக்கும் இல்லன்னு அவரே எழுதி வெச்சிருக்காரு. ஜர்னல் என்ட்ரி எப்டி போடுவேன்னு கேக்கறவருக்கு உன் சிரிப்புல 93 சதவீதம் பதில் கிடைக்குமா, நீயே சொல்லு. வணக்கம் சொல்லும்போது ஒரு சிரிப்பு, கேக்கறவங்கள பாத்து பதில், அது போதும். சும்மா சிரிச்சிகிட்டே இருந்தா பயத்துல சிரிக்கறன்னு நல்லாவே தெரியும், நான் 14 வருசமா டேபிளுக்கு அந்தப் பக்கம் உக்காந்து பாத்துகிட்டு இருக்கேன்ல.

அடுத்து பெரம்பூர். உன் ரெஸ்யூம்ல பின்கோடு 600039னு இருக்கும், பெரம்பூருக்கு 600011. நம்ம பக்கத்து ஆளு யாராவது பேனல்ல இருந்தா அங்கயே மாட்டிப்ப, இல்லன்னா ஆதார் காப்பி குடுக்கறப்போ மாட்டிப்ப. வேலை குடுக்கற முன்னாடி அட்ரஸ் வெரிஃபிகேஷனுக்கு வீட்டுக்கே ஆளு அனுப்பற கம்பெனியும் இருக்கு. வியாசர்பாடின்னு கேட்டு மூஞ்சி மாறுறவங்க இருக்காங்கதான், இல்லன்னு உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். என்னோட மொத இண்டர்வியூல ஒருத்தர் 'தண்டையார்பேட்டையா, அங்கல்லாம் பொண்ணுங்க எப்டிமா இருக்கீங்க'ன்னு கேட்டாரு, நானும் கூட சேந்து இளிச்சிட்டு வந்தேன், இன்னிக்கும் நெனச்சா எரியுது. ஆனா பேர மாத்தி சொல்ற பையன் குரல் அந்த எடத்துல அப்டியே இறங்கிடும், கேக்கறவங்களுக்கு ஏரியா ஞாபகம் இருக்காது, இவன் எதையோ மறைக்கிறான்ங்கறது மட்டும் ஞாபகம் இருக்கும். வியாசர்பாடி சார், அவ்ளோதான், சொல்லிட்டு அடுத்த வரிக்கு போய்டு.

அந்த அடுத்த வரிதான் காசிமேடு. விடிகாலைல போட் வந்து கூடை கூடையா ஏலம் போற சத்தத்துக்கு நடுவுல யாருக்கு எவ்ளோ போச்சு, யாரு கைல காசு குடுத்தா, யாரு பாக்கின்னு எழுதி, ஐஸ் காசு கூலி எல்லாம் கழிச்சி சாயங்காலம் கணக்கு நேரா வர வைக்கற பையன் நீ, அத விட்டுட்டு 'ஐ ஆம் எ ஹார்ட் ஒர்க்கர்'னு எவனோ எழுதிக் குடுத்தத ஒப்பிச்சா எப்டி? ஒரு நாளைக்கு எத்தனை பேர் கணக்கு, ரூபா எவ்ளோ பொறளும்னு நம்பரோட சொல்லு. ஒரு தடவ கணக்கு உதைச்சிருக்கும்ல, அத எப்டி கண்டுபுடிச்சன்னு சொல்லு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, வரவு நின்னுடும், அப்போ பழைய பாக்கிய பெரியப்பா எப்டி வசூல் பண்றாரு, நீ எந்த நோட்ட வெச்சி ஆளுங்கள கேப்ப, இத ஒரு அக்கவுண்ட்ஸ் மேனேஜர் கிட்ட சொல்லிப் பாரு, பேனாவ கீழ வெச்சிட்டு கேப்பாரு. நான் கேட்டிருப்பேன்.

இங்கிலீஷ்ல மொத ரெண்டு வரி மட்டும் ரெடி பண்ணிக்கோ, 'ஐ மெயின்டெய்ன் டெய்லி அக்கவுண்ட்ஸ் ஃபார் மை அங்கிள்ஸ் ஃபிஷ் பிசினஸ் இன் காசிமேடு', இந்த மாதிரி சின்னதா. சிக்குனா 'சார், தமிழ்ல சொல்லலாமா'ன்னு கேளு, கால் சென்டர் வேலையா இல்லாத வரைக்கும் யாரும் கடிச்சி தின்ன மாட்டாங்க. கடைசில எதாச்சும் கேக்கணுமான்னு கேட்டா நோ சார்னு எந்திரிச்சிடாத, இங்க டேலியா வேற சாஃப்ட்வேரா, மாசக் கடைசி க்ளோசிங் யாரு பாப்பாங்கன்னு ஒண்ணு கேட்டு வை.

கேள்வி: கொருக்குப்பேட்டைல இருந்து எழுதறேன் மேடம். புதன்கிழமை கிண்டில 10 மணிக்கு இண்டர்வியூ. என்ன கலர் சட்டை, கோட்டு வேணுமா? வேர்த்து ஊத்துது, ரயில்வே கேட்டு வேற போட்டுடுவாங்க.

பதில்: கோட்டெல்லாம் வேணாம், நம்ம வெயிலுக்கு கோட்டு போட்டா உள்ள போறதுக்குள்ள அவிஞ்சிடுவீங்க. வெளிர் கலர் சட்டை எம்.சி. ரோட்டுல எடுத்ததே போதும், ஆனா தெருமுனை வண்டில குடுத்து இஸ்திரி போட்டுடுங்க, புது ஷூவ அன்னிக்குன்னு மாட்டாதீங்க, கடிச்சி வெச்சா மூஞ்சில தெரியும். சென்ட்டு கொஞ்சமா. கேட்டு போட்டாங்கன்றது நமக்குப் புரியும், கிண்டில இருக்கறவருக்கு புரியாது, அதனால அந்தக் கதைய அங்க எடுத்துட்டு போகாதீங்க. 2021 பிப்ரவரில இருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துடுச்சி, தண்டையார்பேட்டைல ஏறுனா எறங்காம கிண்டி. செவ்வாக்கிழமையே ஒரு தடவ போய் பில்டிங்க பாத்துட்டு வந்துடுங்க. அன்னிக்கு 9.40க்கு உள்ள போனா போதும், எட்டரைக்கே ரிசப்ஷன்ல போய் உக்காந்தா அவங்களுக்கும் சங்கடம்.

கேள்வி: திருவொற்றியூர், வயசு 33. கொழந்தைக்காக 2019ல பில்லிங் வேலைய விட்டேன். இப்போ போற எடத்துலல்லாம் 'இத்தனை வருசம் என்ன பண்ணீங்க, கொழந்தைய யாரு பாத்துப்பாங்க'ன்னு கேக்கறாங்க, அழுகையே வருதுங்க.

பதில்: அந்த ரெண்டாவது கேள்விய ஆம்பளைங்க கிட்ட யாரும் கேட்டு நான் பாத்ததில்ல, கோவம் நியாயம்தான். ஆனா அந்த ரூம்ல வெச்சி சண்டை போட முடியாது, 'வீட்டுல ஏற்பாடு பண்ணிட்டேன் சார், ஷிஃப்ட் டைம் என்ன'ன்னு திருப்பி கேட்டுடுங்க. வேலைக்கு போகாத கேப் பத்தி ஒரே வரி, கொழந்தைக்காக விட்டேன், இப்போ ரெடி. மன்னிப்பு கேக்கற மாதிரி இழுக்காதீங்க, அங்கதான் நெறைய பேர் சொதப்புறாங்க. உங்களுக்கு இருக்கற நெஜமான ஓட்டை வேற. நீங்க விட்டப்போ ஜிஎஸ்டில இ-இன்வாய்ஸே, அதாவது பில்ல அரசு போர்ட்டல்ல பதியறதே கிடையாது. 2020 அக்டோபர்ல பெரிய கம்பெனிங்களுக்கு வந்துச்சு, 2023 ஆகஸ்ட்ல இருந்து வருசத்துக்கு 5 கோடிக்கு மேல டர்ன்ஓவர் இருந்தா கட்டாயம்னு ஆயிடுச்சு. பில்லிங் வேலைக்கு அதத்தான் நோண்டுவாங்க. தெரிஞ்ச கடை ஆபீஸ்ல ரெண்டு நாள் உக்காந்து ஐஆர்என், அதாவது அந்த பில்லுக்கு போர்ட்டல் குடுக்கற நம்பர் எப்டி எடுக்கறாங்கன்னு பாத்துட்டு போங்க, 'இத்தனை வருசம் என்ன பண்ணீங்க'ன்னா இதையும் சேத்து சொல்லலாம்.

கேள்வி: மணலி. வாட்ஸப்லயே இண்டர்வியூ முடிஞ்சிடுச்சு, செலக்ட்னு சொல்லிட்டு ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 2,500 ரூபா கேக்கறாங்க. கட்டலாமா?

பதில்: கட்டாதீங்க. வேலை குடுக்கறவன் நமக்குத்தான் காசு குடுக்கணும். ஏற்கனவே கட்டிட்டு என்கிட்ட கேக்கறீங்கன்னா இந்த பக்கத்த மூடி வெச்சிட்டு மொதல்ல 1930க்கு போன் போடுங்க, சைபர் க்ரைம் ஹெல்ப்லைன், எவ்ளோ சீக்கிரம் சொல்றீங்களோ அவ்ளோ நல்லது, பேங்க்ல பணத்த நிறுத்தி வெக்க வாய்ப்பு இருக்கு.