அப்பாவின் போனுக்கு இன்னும் ஓடிபி வருகிறது

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்த அப்பா போன மாதம் காலமானார். காரியம் முடிந்ததிலிருந்து அவர் போனுக்கு ஓடிபி வருகிறது. 'இன்சூரன்ஸ் பணம் வரணும், நம்பரைச் சொல்லுங்கம்மா' என்று ஒருவர் அம்மாவிடம் கேட்டிருக்கிறார், அம்மா சொல்லவில்லை. தம்பி சிம்மை கேன்சல் செய்யச் சொல்கிறான். செய்யலாமா? ஏற்காட்டில் இரண்டு ஏக்கர் காபித் தோட்டமும் அப்பா பெயரில்தான் இருக்கிறது.

பதில்: அம்மா சொல்லாமல் விட்டது நல்லதாயிற்று. சிம்மை இப்போது தொடாதீர்கள். ரத்தான எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அதற்குள் பேங்க், இன்சூரன்ஸ் வேலைகள் முடியாவிட்டால், அப்பாவின் கணக்கைத் திறக்கும் ஓடிபி முன்பின் தெரியாதவர் கைக்குப் போகும். ரீசார்ஜ் போட்டுப் போனை வீட்டிலேயே வையுங்கள். எல்லாம் முடிந்தபின் சிம்மை ஒப்படைக்கலாம், அல்லது உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நாளைக் காலை முதல் வேலையாக இறப்புச் சான்றிதழுடன் பேங்குக்குப் போங்கள். ஏடிஎம் கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ மூன்றையும் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். பட்டறைக் கூலி கொடுக்க அவர் ஜிபேயை நீங்களே பயன்படுத்திவந்தால் இன்றோடு விடுங்கள். வாரிசுக்கும் அந்த உரிமை கிடையாது. நாளை திருட்டு நடந்தால் நீங்கள் எடுத்தது எது, திருடன் எடுத்தது எது என்று பிரிக்கவும் முடியாது.

கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பெயர், படம், வீட்டார் செல் எண் எல்லாம் போட்டுவிடுகிறோம். அழைத்தவருக்கு அங்கிருந்தே கிடைத்திருக்கலாம். இறப்புச் சான்றிதழையாவது வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். யாருக்கு ஜெராக்ஸ் கொடுத்தாலும் எதற்காக என்பதையும் தேதியையும் அதன் குறுக்கே எழுதுங்கள்.

பணத்தைவிட அந்தத் தோட்டத்தை நினைத்துத்தான் கவலைப்படுகிறேன். கணக்கில் பணம் போனால் மெசேஜ் வரும். ஆள்மாறாட்டம் செய்து நிலத்தை எழுதிக் கொடுத்தால், வாங்கியவன் வேலி போட வரும்போதுதான் தெரியும். மூலப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை, அதாவது அந்த நிலத்தின் பேரில் பதிவான பத்திரங்களின் பட்டியலை, இலவசமாகப் பார்க்கலாம். மாதம் ஒருமுறை பாருங்கள். வாரிசுச் சான்றிதழ் வந்ததும் பட்டா மாறுதலுக்கு மனு கொடுங்கள்.

பான் கார்டை அவசரப்பட்டு சரண்டர் செய்ய வேண்டாம். வருமான வரித் தளத்தில் வாரிசாகப் பதிவு செய்து, அப்பாவின் கடைசிக் கணக்கைத் தாக்கல் செய்தபின் செய்யுங்கள்.

பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பாருங்கள். அவர் இறந்த தேதிக்குப் பிறகு உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது போயிருந்தால், அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.