குடிநீர் அணையை உயர்த்தும்போது வேலையை எங்கிருந்து தொடங்குவது?

ஊருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும் அணையை, குழாயை மூடாமலே உயர்த்த முடியுமா, எங்கிருந்து தொடங்குவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் கான்கிரீட் கணக்கை எடுப்பதற்கு முன்பே தண்ணீர்க் கணக்கை முடித்தாக வேண்டும். வேலை நடக்கும் ஆண்டுகளில் நீர்மட்டத்தை எவ்வளவு இறக்கி வைப்பது, குறைகிற நீரை எங்கிருந்து ஈடுகட்டுவது, நடுவில் வெள்ளம் வந்தால் எந்த வழியாக விடுவது ஆகிய மூன்றுக்கும் விடை எழுதாமல் ஒப்பந்தம் கோரினால், பிற்பாடு அவதிப்படுவது ஊர் மக்கள்தான்.

நான் திரும்பத் திரும்பப் படிக்கும் வேலை, அமெரிக்காவின் சான் டியாகோ நகரத்துக்கான சான் விசென்டே அணை. 1943இல் 220 அடி உயரத்தில் கட்டி முடித்தார்கள். அந்தப் பகுதி பெருமளவு தொலைவிலிருந்து வரும் நீரை நம்பியிருக்கிறது. நிலநடுக்கத்தில் அந்தக் கால்வாய்கள் அறுந்தால் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்க இருப்பு வேண்டும். அதற்காகவே 2009இல் பணி தொடங்கி, 117 அடி உயர்த்தி, 337 அடியாக்கினார்கள். கொள்ளளவு நம் கணக்கில் சுமார் 3.9 டிஎம்சியிலிருந்து 10.5 டிஎம்சி ஆனது. ஏரியை அடியோடு வற்றவிடவில்லை. நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைத்தே வேலையை நடத்தினார்கள்.

புதிய கான்கிரீட்டை அணையின் கீழ்ப்புற முகத்தோடு, அதாவது ஏரி நீர் நிற்காத பக்கத்தோடு, ஒட்டவைத்து மேலே கொண்டுபோனார்கள். ஈரம் குறைந்த கலவையைப் பரப்பி, சாலை போடுவதுபோல ரோலர் ஓட்டி இறுக்கும் முறை அது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அதற்கு முன் பழைய முகத்தை உயர் அழுத்த நீரால் சுரண்டியதுதான். மேல்தோல் போய் உள்ளிருக்கும் ஜல்லி தெரிந்தால்தான் புதியது பழையதைப் பற்றும். அறுபது ஆண்டுக் கான்கிரீட் ஆறி அடங்கியது. புதியதோ சூடாகி, பிறகு ஆறும்போது சுருங்கும். பற்று சரியில்லாவிட்டால் இரண்டும் பிரிந்துவிடும்.

இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சிற்றூரின் குடிநீர் ஏரியில், மிகைநீர் வழிந்தோடும் சுவரான கலிங்கை ஒன்றரை அடி உயர்த்தினார்கள். மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், பழைய சுவரின் பாசியைக்கூடத் தேய்க்காமல் கான்கிரீட்டைக் கொட்டிவிட்டார்கள். அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பியதும், பழையதும் புதியதும் சேரும் இடத்தில் நூல் பிடித்தாற்போல ஓர் ஈரக் கோடு. விரலை வைத்து அழுத்தினேன். நகக்கண்ணில் நீர் ஏறியது. அதை அடைக்க மறு கோடையில் மீண்டும் நீரை இறக்க வேண்டியதாயிற்று. அத்தனை பேர் குடத்தோடு லாரிக்காக நின்றதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஆகவே கால அட்டவணையில் சுத்தம் செய்வதற்கும் அதைப் பார்த்துச் சரிபார்ப்பதற்கும் தனி நாட்களை எழுதிவையுங்கள். அவை வேறு வேலைக்குக் கடன் போகக் கூடாது. மதகு, நீரெடுக்கும் குழாய் ஆகியவற்றை மாற்றுவதாக இருந்தால், புதியது ஓடிக் காட்டிய பிறகே பழையதைக் கழற்ற வேண்டும்.

நிரப்புவதும் வேலையின் ஒரு பகுதியே. கொஞ்சம் ஏற்றி, நிறுத்தி, கசிவை அளந்து, பிறகு மேலும் ஏற்ற வேண்டும். சான் விசென்டேயில் உயர்த்தும் பணி 2014இல் முடிந்தது. ஏரியில் மக்கள் மறுபடி படகு விட்டது 2016இல்தான்.