யாராவது செய்துதானே ஆகவேண்டும்?

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் எனக்கு இது ஐந்தாவது வருடம். குழந்தை பிறந்து திரும்பி வந்ததிலிருந்து கைடு என் அத்தியாயங்களைப் படிப்பதே இல்லை. லேப் பதிவேடு, கருத்தரங்க ஏற்பாடு, புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது எல்லாம் என் தலையில். யாராவது செய்துதானே ஆகவேண்டும்? கைடை மாற்றலாமா, இல்லை எனக்குத்தான் திறமை போதவில்லையா?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

திறமைப் பேச்சை விடுங்கள். ஐந்து வருடம் தாக்குப்பிடித்தவர் கேட்கிற கேள்வியா அது? கைடு விஷயத்தை ஆய்வுக் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள், வாய்வார்த்தை நிற்காது. குழந்தைக்கு என் முத்தங்கள்.

எனக்குக் கோபம் வந்தது அந்த ‘யாராவது’வில்தான். என் சிநேகிதி ஒருத்தி இருந்தாள். நுண்ணோக்கி யாருக்கு எப்போது, எந்த ரசாயனம் தீரப்போகிறது, எவருக்குப் பிறந்தநாள், எல்லாம் அவளைத்தான் கேட்பார்கள். செல்லமாக ‘லேப் அம்மா’ என்பார்கள், அவளும் சிரித்துக்கொள்வாள். அவளிடம் கருவியைத் தொடக் கற்றுக்கொண்ட பையன் அவளுக்கு முன்னால் தீசிஸ் கொடுத்துவிட்டுப் போனான். அவனைக் குறை சொல்லமாட்டேன், அவன் தன் வேலையை மட்டும் பார்த்தான். நீங்களும் அதைச் செய்தால் என்ன?

இயற்பியலாளர் மரியா கோப்பர்ட் மேயரைப் படித்திருப்பீர்கள். 1930இல் முனைவர் பட்டம். கணவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் என்பதால், உறவினரை வேலைக்கு எடுக்கக்கூடாது என்ற விதியைக் காட்டி அவருக்கு வேலை மறுக்கப்பட்டது. ஆனால் ஆய்வு செய்ய, பாடம் நடத்த மட்டும் அவர் வேண்டும்! 1946இல் சிகாகோவிலும் பேராசிரியர் பட்டம் கொடுத்தார்கள், பல்கலைக்கழகச் சம்பளம் கிடையாது. அணுக்கருவுக்குள் துகள்கள் அடுக்கடுக்கான கூடுகளில் இருப்பதாக விளக்கும் ‘கூடு மாதிரி’யை அவர் உருவாக்கியது அந்த வருடங்களில்தான். முழுச் சம்பளத்தோடு பேராசிரியர் ஆனது 1960இல், சான் டியாகோவில். மூன்றே வருடத்தில் நோபல். இதை மேடையில் ‘விடாமுயற்சி’ என்று கைதட்டச் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பது வருடம் ஒரு மூளைக்கு முழுச் சம்பளம் கொடுக்காமல் ஓசியிலும் அடிமாட்டு விலையிலும் ஓட்டியவர்களை ஏன் ஒருவரும் கேட்பதில்லை? நோபல் கிடைக்காத மற்ற பெண்களுக்கு அந்த முப்பது வருடம் போனது போனதுதானே?

சரி, உங்களுக்கு வருகிறேன். பதிவேட்டை மேசையில் வைத்துவிட்டு, இனி முறைவைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அப்புறம், தயவுசெய்து, அந்த முறைப்பட்டியலைத் தயாரிக்க நீங்களே உட்கார்ந்துவிடாதீர்கள்.